ஆச்சி வீட்டுத் தொட்டியில் ஐரிஸ்

தோட்ட வேலையில் எனக்குள்ள தேர்ச்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற ஐப்பசியில் ஆறு ஐரிஸ் கிழங்குகள் வாங்கினேன். இரண்டு அழுகிப் போயின. மூன்று இலை விட்டதோடு நிறுத்திக்கொண்டன. மிச்சம் ஒன்று மொட்டு வைத்தது. அந்த மொட்டும் மலருவதற்கு முன்பே காய்ந்து காகிதமாகிவிட்டது. இவ்வளவு பெரிய சாதனைக்குப் பிறகு உங்களுக்குப் பூச்செடி வளர்ப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேனே, என் துணிச்சலை என்னவென்று சொல்வது!

ஆனால் சகோதரிகளே, தோற்றவள் சொல்வதிலும் கேட்டுக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு. எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று வழுக்கி விழுந்தவளுக்குத்தானே தெரியும்?

ஆசை பிறந்தது ஒரு கல்யாண வரவேற்பில். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாடி. அதில் நீண்ட காம்புகளின் மேல் நீல நிறப் பூக்கள். மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்கின்றன. மூன்று இதழ்கள் வளைந்து தொங்குகின்றன. தொங்கும் இதழ் ஒவ்வொன்றிலும் நெற்றிக்கு இட்டாற்போல் மஞ்சள் தீற்று. நம் பூக்கடைக் கூடையில் வெள்ளை உண்டு, மஞ்சள் உண்டு, சிவப்பு உண்டு. நீலம் எங்கே இருக்கிறது? சங்குப்பூவை விட்டால் வேறு பெயர் சட்டென்று வாயில் வராது. மணமக்களைப் பார்த்தேனோ இல்லையோ, அந்தச் சாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விசாரித்ததில், “டச் ஐரிஸ்” என்றார்கள். கிழங்காகவே விலைக்குக் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். அவ்வளவுதான். அன்று இரவே செல்போனில் விலாசத்தைத் தட்டிப் பணத்தையும் கட்டியாயிற்று.

பெட்டியில் வந்த குறிப்பில், “குளிர்ந்த இடத்தில் நடவும்” என்று ஒரு வரி இருந்தது. சென்னையில் குளிருக்கு எங்கே போவது? உடனே எனக்கு ஒரு யோசனை உதயமாயிற்று. என் ஆச்சி இருப்பது மேலகரத்தில். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது. குற்றாலத்தை விடக் குளிர்ந்த இடம் நம் பக்கத்தில் உண்டா? தீபாவளிக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறியபோது, துணிமணிகளோடு ஆறு கிழங்குகளும் என்னோடு பிரயாணம் செய்தன.

சாம்பாருக்குத் தப்பிய கிழங்கு

முதல் கண்டம் அடுக்களையிலேயே காத்திருந்தது. டச் ஐரிஸின் கிழங்கு பார்வைக்கு அசல் சின்ன வெங்காயம்தான். அடி பருத்து, நுனி கூர்ந்து, பழுப்புத் தோல் போர்த்தி இருக்கும். காகிதப் பையோடு அடுக்களை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், ஆச்சி அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கையில் என் ஐரிஸ்!

“வெங்காயம்னு நெனச்சில்லா அரியப் பாத்தேன்! மணமே இல்லியேன்னு மோந்து பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்றாள்.

நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நேயர்கள் இதைச் சிரித்துவிட்டு மறந்துவிட வேண்டாம். ஐரிஸ் கிழங்கு தின்னத் தக்கதல்ல. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எந்தப் பூக்கிழங்கையும் அடுக்களைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். டப்பாவில் போட்டு, கொட்டை எழுத்தில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

தப்பிய ஆறையும் அன்று மாலையே ஒரு பெரிய மண்தொட்டியில் நட்டேன். ஐப்பசி அடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. “மழையும் வந்துவிட்டது, பார்த்தாயா!” என்று ஆச்சியிடம் பெருமையடித்துவிட்டு ரயில் ஏறினேன். பொங்கலுக்குப் போனபோது கண்ட காட்சியைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

யார் இந்த ஐரிஸ்?

பூ வராமல் போன பிறகுதான் அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தேன். கல்யாணத்துக்கு முன்பே விசாரித்திருக்க வேண்டும், என்ன செய்வது?

பெயர்தான் டச் ஐரிஸ். ஹாலந்து தேசம் அதற்குப் புகுந்த வீடு மாதிரி. பிறந்த வீடு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொராக்கோவுமாகும். அந்தப் பக்கத்துக் காட்டு ஐரிஸ்களை ஒன்றோடொன்று கலந்து, ஹாலந்தில் ஹார்லெம் நகரத்து வான் டியூபெர்கன் என்ற கிழங்கு வியாபாரிகள் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கலப்பினத்தைப் பிரபலப்படுத்தினார்கள். அன்று முதல் உலகத்துப் பூக்கடைகளில் எல்லாம் அதற்கு ஓர் ஆசனம் உண்டு. ஐரிஸ் என்பது கிரேக்கக் கதைகளில் வானவில்லின் தேவதைக்குப் பெயர். நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை என்று பல நிறங்களில் பூப்பதால் அந்தப் பெயர் பொருத்தந்தான்.

பிறந்த வீட்டில் அதன் வாழ்க்கை முறை என்ன? அங்கே கோடையில் மழை கிடையாது. வெயில் சுட்டெரிக்கும். அப்போது கிழங்கு மண்ணுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் தூங்கும். குளிர்காலத்தில்தான் அங்கே மழை. ஈரமும் குளிரும் சேர்ந்து வரும்போது வேர் விட்டு, இலை விட்டு, வசந்தத்தில் பூக்கும். அந்தக் குளிர்தான் அதற்கு, “எழுந்திரு, பூக்கும் காலம் வந்தது” என்று சொல்லும் குரல்.

குளிரே இல்லாத இடத்தில் பூ வியாபாரிகள் தந்திரம் செய்கிறார்கள். கிழங்கைச் சில வாரங்கள் ஏறக்குறைய 9 டிகிரி குளிரில் அறையிலிட்டு வைத்திருந்து, பிறகு நடுகிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. நட்ட கிழங்கு சீக்கிரம் பூப்பதற்காக முன்கூட்டியே அதற்குப் புகை போடும் வழக்கம் ஜப்பானில் இருந்தது. புகையில் உள்ள எத்திலீன் என்ற வாயுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று பிறகு தெரிந்தது. நம் ஊரில் வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறார்களே, அங்கும் அதே வாயுதான். பழக்கடைக்காரருக்கும் பூக்கடைக்காரருக்கும் இப்படி ஓர் உறவு இருக்கும் என்று யார் கண்டது!

குளிரில் வைத்து எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. நட்ட பிறகும் காற்று 13 முதல் 17 டிகிரி வரை இருந்தால்தான் அதற்குச் சுகம். வெயில் வெளிச்சமும் நிறைய வேண்டும். உஷ்ணம் ஏறினாலோ வெளிச்சம் குறைந்தாலோ மொட்டு உறைக்குள்ளேயே காய்ந்துவிடும். தென்காசியில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பகலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் ஒற்றை மொட்டு ஏன் காகிதமாயிற்று என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கியதால் இரண்டு கிழங்குகள் அழுகின. குற்றாலத்தின் குளிர்ச்சியும் ஐரிஸ் கேட்கும் குளிரும் ஒன்றல்ல. நமக்குக் குளுகுளுவென்று இருப்பது அதற்கு இன்னும் கோடைதான்!

அப்படியும் ஆசை விடவில்லையா? உதகை, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக முயன்று பார்க்கலாம். சமவெளியில் இருப்பவர்கள், ஐப்பசியில் வாங்கிய கிழங்கைக் காகிதப் பையில் போட்டு, பெயர் எழுதி, பிரிட்ஜின் அடித்தட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்திருங்கள். அடைமழை ஓய்ந்த மார்கழியில் தொட்டியில் மூன்று நான்கு அங்குல ஆழத்தில் நடுங்கள். காலை வெயில் நன்றாக விழட்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும். சகதியாக இருக்கக் கூடாது. பூத்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒரு முறை பூத்த கிழங்கு மறு வருஷம் நம் சமவெளியில் பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதனால் ஒன்றோ இரண்டோ வாங்கிப் பாருங்கள். என்னைப் போல் ஆறு வாங்காதீர்கள்.

ஆச்சியின் கேள்வி

பொங்கலன்று அந்தத் தொட்டிக்கு எதிரே நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஆச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏளா, ஒண்ணு கேக்கேன். அது எப்ப தூங்கும், எப்ப முழிக்கும்னு கேட்டுக்கிட்டியா?”

“இல்லையே, ஆச்சி.”

“பெறகு எப்படிப் பூக்கும்? கெழங்குன்னா அதுக்கு ஒரு தூக்கம் இருக்கும்லா? தூங்குதவளுக்குத் தண்ணி ஊத்தினா அழுகிப் போவா. முழிச்சவளுக்குத் தண்ணி ஊத்தலேன்னா வாடிப் போவா. நம்ம வீட்டுல எத்தனை பேரு தூங்குதாங்கன்னு நீ பாத்ததே இல்லியே. ஆனி மாசம் வா, காட்டுதேன்.”

என் ஆச்சி தாவர சாஸ்திரம் படித்தவள் அல்ல. ஆனால் கிழங்குச் செடியைப் பற்றி எந்தப் புத்தகமும் இதற்கு மேல் சொல்ல முடியாது. கிழங்கு என்பது செடி தனக்கென்று கட்டிக்கொண்ட உக்கிராண அறை. கெட்ட காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும். நல்ல காலம் வந்ததும் திறந்துகொண்டு வெளியே வரும். எது கெட்ட காலம், எது நல்ல காலம் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். ஐரிஸின் கதவைத் திறப்பது குளிர். தென்காசிக் கிழங்குகளின் கதவைத் திறப்பது சாரல்.

ஆனியில் போனேன். தென்காசிக்கு மேற்கே மலைத் தொடரில் ஆரியங்காவுக் கணவாய் ஓர் இடைவெளியாக இருக்கிறது. கேரளத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் மிச்சத்தைக் காற்று அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் கொண்டுவந்து தெளிக்கிறது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் போய் நின்றால் அந்தக் காற்று உங்கள் புடவைத் தலைப்பை விட்டுவைக்காது. மாசி முதல் வைகாசி வரை வறண்டு கிடந்த மண், ஆனிச் சாரல் பட்டதும் கண் விழிக்கிறது. ஆச்சி வீட்டு முற்றத்தில், பொங்கலன்று வெறும் மண்ணாக நான் பார்த்த இடமெல்லாம் பச்சைப் பசேல் என்றிருந்தது. அங்கே தூங்கி விழித்த நால்வரை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன்.

மேற்குக் காற்றின் பூ

முதலாவது மழை லில்லி. புல்லைப் போன்ற இலை. சாண் உயரக் காம்பு. காம்புக்கு ஒரு பூ. வெள்ளை, ரோஜா வர்ணம், மஞ்சள் என்று வகைகள் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தச் செடி, நல்ல மழை பெய்த சில நாட்களுக்குள் கூட்டமாகப் பூத்துவிடும். பூ ஓரிரு நாள்தான் நிற்கும். ஆனால் அடுத்த மழைக்கு அடுத்த கூட்டம் தயார். ஒரு தொட்டியில் பத்துக் கிழங்குகளை நெருக்கமாக, ஓர் அங்குல ஆழத்தில் நடுங்கள். மழை இல்லாத காலத்தில் சில வாரம் காயப் போட்டுவிட்டு, ஒரு நாள் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டால், அதையும் மழை என்று நம்பிப் பூத்துவிடும் அப்பாவி! இதற்குத் தாவர நூலில் ‘ஸெபிராந்தஸ்’ என்று பெயர். மேற்குக் காற்றின் பூ என்று அர்த்தம். மேல்காற்று வீசும் தென்காசிக்கு இதை விடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

இதில் இன்னொரு ரசமான விஷயம். கிரேக்கக் கதை ஒன்றின்படி, மேற்குக் காற்றின் தேவனான ஸெபிரஸுக்கு மனைவி யார் தெரியுமா? வானவில் தேவதை ஐரிஸ்தான்! அம்மாள் வர மறுத்த வீட்டுக்கு ஐயா வந்து சேர்ந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு ஐரிஸ்

இரண்டாவது செடியைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. விசிறியை விரித்து வைத்தாற்போல் இலைகள்; அவற்றின் நடுவே இரண்டு மூன்றடி உயரத் தண்டு; அதில் ஆரஞ்சு நிறப் பூக்கள், மேலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். ‘லெப்பர்ட் லில்லி’ என்ற பெயரில் நர்சரிகளில் இதை விற்பார்கள். நெடுங்காலம் இது ‘பெலம்கண்டா’ என்ற தனி இனமாகவே எண்ணப்பட்டு வந்தது. மரபணுக்களைச் சோதித்துப் பார்த்த பிறகு, 2005-ல் தாவர நூலார் இதை ஐரிஸ் இனத்திலேயே சேர்த்து, ‘ஐரிஸ் டொமெஸ்டிகா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டொமெஸ்டிகா என்றால் ‘வீட்டுக்குரியது’ என்று பொருள். லின்னேயஸ் 1753-ல் இதை ஆர்க்கிட் வகை என்று தவறாக எண்ணி வைத்த பெயரின் மிச்சம் அது. ஐரிஸைத் தேடி நான் ஹாலந்து வரை போக, வீட்டு ஐரிஸ் ஆச்சியின் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தது!

சீனம் முதலிய கிழக்கு நாடுகள் இதன் சொந்த ஊர். நம் வெயிலையும் மழையையும் பொறுத்துக்கொள்ளும். தரைக்கடியில் இஞ்சியைப் போல் படரும் கிழங்கைக் கணு உள்ள துண்டுகளாகப் பிரித்து ஆனி, ஆடியில் நடலாம். விதையும் போடலாம், ஆனால் பூவுக்கு அநேகமாக அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான். வாடும்போது துவைத்த துணியைப் பிழிந்தாற்போல் முறுக்கிக்கொள்ளும். காய் வெடித்தால் உள்ளே பளபளவென்று கறுப்பு விதைகள் கொத்தாக நிற்கும். அந்தக் கொத்தையும் சாடியில் வைக்கலாம். பழம் என்று எண்ணிக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் மணக்கும் சம்பங்கி

மூன்றாவது நிலச்சம்பங்கி. செண்பகாதேவி அருவிக்குப் பெயர் தந்த செண்பகம் மரத்தில் பூப்பது. இது தரையில் கிழங்கிலிருந்து வருவது. மெக்ஸிகோவிலிருந்து வந்து நம் மாலைகளில் குடியேறிய பூ இது. தாவர நூலார் இப்போது இதை ஆனைக்கற்றாழையின் இனத்திலே சேர்த்திருக்கிறார்கள். அந்த முள்ளுக்கு இப்படி ஓர் உறவுக்காரியா என்று வியப்பாக இருக்கிறது!

ஆனி, ஆடிதான் நடுவதற்குக் காலம். கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருப்பது நல்லது. தோண்டி எடுத்து ஒரு மாதமாவது உலரவிட்ட கிழங்காக இருக்கட்டும். தூக்கம் கலையாத கிழங்கை நட்டால் முளைப்பதற்குச் சோம்பல்படும். ஓர் அங்குல ஆழம் போதும். மூன்றாவது மாதத்திலிருந்து பூந்தண்டு வரும். ஒரு முறை நட்டால் மூன்று வருஷம் வரை பலன் தரும். ஒற்றை அடுக்கு வகைக்கு வாசனை அதிகம்; மாலை கட்டுவதற்கும் அதுதான். இரட்டை அடுக்கு சாடியில் அழகு. தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக மலருவதால், ஒரு தண்டு பல நாள் வீட்டை மணக்க வைக்கும். நீளக் காம்புப் பூவைச் சாடியில் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஐரிஸின் இடத்தை இதுவே நிரப்பிவிடும்.

அழகும் ஆபத்தும்

நாலாவது செடியை ஆச்சி முற்றத்தில் வைக்கவில்லை. கொல்லைக்கு அப்பால், கம்பி வேலிக்குள், தனியாக வைத்திருந்தாள். காந்தள்! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைத்த பூ. இன்று நம் தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தில் கார்த்திகைப் பூ என்பார்கள். ஜிம்பாப்வே நாட்டிலும் இதைத்தான் தேசிய மலராகப் போற்றுகிறார்கள். 1947-ல் அந்தப் பக்கம் சென்றிருந்த எலிஸபெத் இளவரசியாருக்கு, 21-வது பிறந்த நாள் பரிசாக அங்குள்ள குழந்தைகள் இந்தப் பூவின் வடிவத்தில் ஒரு வைர புரூச் கொடுத்தார்கள்.

வைரத்தில் செய்யத் தக்க பூதான். மொட்டில் பச்சை, மலரும்போது மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் நெருப்புச் சிவப்பு. இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். கிழங்கு கலப்பை போல் இரு கையாக வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் இதற்குப் பெயர் உண்டு. நடும்போது ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். முளைக்கும் கண் அந்தக் கையின் நுனியில் இருக்கிறது. நுனி ஒடிந்தால் கிழங்கு முளைக்காது. ஆனியில் இரண்டு அங்குல ஆழத்தில் படுக்க வைத்து நட்டால், மழைக்காலத்தில் ஏறிப் பூத்து, தையில் காய்ந்து மறைந்துவிடும். தாய்க்கிழங்கு சுருங்கிப் போயிருக்கும். அதன் இடத்தில் புதுக் கிழங்கு பிறந்து தூங்கும். அடுத்த ஆனி வரை தண்ணீர் காட்டக் கூடாது.

இனிச் சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். காந்தளின் கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். கோல்சிசின் என்ற சரக்கு அதில் இருக்கிறது. அளவறிந்து பிரித்தெடுத்தால் அதுவே கீல்வாத மருந்தாகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் இதன் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். ஆனால் கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, உயிருக்கே முடிவாகலாம். சர்க்கரைவள்ளி என்று எண்ணி அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. கண்வலிக்கிழங்கு என்ற பெயரைக் கேட்டு யாரும் கண்ணுக்கு வைத்துவிட வேண்டாம். யாராவது தின்றுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தாலே, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள். தவழும் குழந்தையோ, எதையும் வாயில் வைக்கும் குழந்தையோ, ஆடு மாடோ உள்ள வீட்டில் காந்தள் வேண்டாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. என் சித்தியின் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கிய வருஷம் ஆச்சி முற்றத்துக் காந்தளைப் பெயர்த்து வேலிக்குள் கொண்டுபோய்விட்டாள். “பூ அடுத்த வருசமும் பாக்கலாம்,” என்றாளாம்.

வந்தாரை வாழவைக்கும் மலை

மறுநாள் குற்றாலம் போனோம். பேரருவியில் குளித்துவிட்டு ஐந்தருவிக்கு மேலே நடந்து, அரசாங்கப் பழத்தோட்டம் இருக்கும் பக்கம் வந்தோம். சீசனில் இங்கே மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறார்களே, அவை எந்த ஊர்ச் சரக்கு? மலேயா பக்கத்தைச் சேர்ந்தவை. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈஸ்ட் இந்தியா கம்பெனியார் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் குற்றாலத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்த மலையின் செல்வத்தைத் தேடி வந்தவர்களும் உண்டு. கம்பெனி வைத்தியரான ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1830-களில் குற்றாலத்தில் செடிகள் சேகரித்தார். அவருக்காகத் தென்னிந்தியச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். 1838-லிருந்து 1853 வரை வெளிவந்த அவருடைய பெருநூலில் 2,000-க்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன.

ஆகவே, அந்நியச் செடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மங்குஸ்தான் வந்தது, நிலைத்தது. அதன் ஊரிலும் மழை, வெதுவெதுப்பு, இங்கேயும் அப்படியே. சம்பங்கியும் மழை லில்லியும் வந்தன. நம் சாரலோடு அவற்றின் விழிப்பும், நம் கோடையோடு அவற்றின் தூக்கமும் பொருந்திப் போயின. ஐரிஸும் கோடையில் தூங்குகிறவள்தான். விழித்த பிறகு அவள் கேட்கும் குளிர்தான் நம்மிடம் இல்லை. ஜாதகம் பத்துப் பொருத்தம் பார்ப்பதைப் போல், செடிக்கு இந்த இரண்டு பொருத்தத்தையாவது பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு வேண்டுகோள். மலைப்பாதையில் காந்தளையோ வேறு கிழங்குச் செடியையோ பார்த்தால் தோண்டாதீர்கள். காப்புக் காட்டில் செடியைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம். பூத்த சமயத்தில் தோண்டிய கிழங்கு உங்கள் வீட்டில் பிழைப்பதும் அரிது. மலையிலும் ஒன்று குறைந்துவிடும். பயிர் செய்கிறவர்களிடமோ நர்சரியிலோ வாங்குங்கள். அல்லது பக்கத்து வீட்டு மதினியிடம் இரண்டு கிழங்கு கேளுங்கள். கிழங்குச் செடி வருஷா வருஷம் பெருகுகிறது, கொடுப்பவருக்குக் குறைவில்லை.

தொட்டி மண்ணுக்கு ஆச்சியின் அளவு இது: செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு. தொட்டியின் அடி ஓட்டை மேல் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்று. ஒரு செம்புத் தண்ணீர் விட்டால் சற்று நேரத்தில் அடியில் ஒழுகிவிட வேண்டும். மேலே தேங்கி நின்றால் இன்னும் மணல் சேருங்கள். இலை பழுக்கத் தொடங்கினால் தண்ணீரைக் குறையுங்கள். இலை காய்ந்தால் அடியோடு நிறுத்துங்கள். பச்சை இலையை மட்டும் அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். அடுத்த வருஷத்துப் பூவுக்கு வேண்டிய சாப்பாட்டை அந்த இலைதான் கிழங்குக்குள் சேமிக்கிறது. எந்தத் தொட்டி எந்தத் தேதியில் தூங்கப் போயிற்று என்பதைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் இருக்கும்.

நான் கிளம்புகிற அன்று விடியற்காலையில் நல்ல சாரல். முற்றத்துக்கு வந்தால், திண்ணையோரத்துத் தொட்டி ஒன்றில் ரோஜா வர்ண மழை லில்லி முப்பது நாற்பது பூக்கள் மேல்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. தொட்டியின் விளிம்பில் நான் ஐப்பசியில் சுண்ணாம்பால் எழுதிய ‘ஐரிஸ்’ என்ற எழுத்து பாதி அழிந்து இன்னும் இருந்தது.

“மாசியிலே நட்டு வச்சேன், சொட்டுத் தண்ணி விடல,” என்றாள் ஆச்சி. “தொட்டி சும்மாத்தானே கெடந்துச்சு.”

நாலு கிழங்கைத் தோண்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். காகிதத்தின் மேல் தன் கையாலேயே பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘வெங்காயம் அல்ல’.